நீலத் தொட்டியில் விழுந்த ரஹீமாக்கா

ஷார்ஜா ரோலாவில், கீழே பணம் அனுப்பும் கடையும் மொபைல் கவர் விற்கும் கடையும் இருக்கிற ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாகஜோதி குடியிருந்தாள். அவளோடு இன்னும் ஐந்து பெண்கள். எல்லோருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வேலை. பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி, பெல்ட் போட்டுவிட்டு, சண்டையை விலக்கி, வாந்தி எடுத்தால் துடைத்து, வீட்டு வாசலில் பெற்றவர்களிடம் ஒப்படைப்பது. அந்த வேலைக்கு அங்கே 'பஸ் நானி' என்று பெயர்.

நாகஜோதிக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். பஸ்ஸில் பிள்ளைகள் அவளிடம் ஆங்கிலத்தில் பேசும். அவள் தமிழில் பதில் சொல்வாள். இரண்டு பக்கமும் ஒரு குறையும் இருந்ததில்லை. தன்யா என்று ஒரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, அவளுடைய பதினாலாம் நம்பர் பஸ்ஸில் ஏறியதிலிருந்து வாய் மூடாமல் பேசும். பேச்சு எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தில் வாந்தி வரும் என்பது நாகஜோதிக்குத் தெரியும். பேச்சு நின்றதும் பிளாஸ்டிக் பையை நீட்டுவாள். ஒருநாள்கூடத் தப்பியதில்லை.

இப்படிப் புரியாத பேச்சுக்குப் பொருள் கண்டுபிடித்தே பழகியதாலோ என்னவோ, அவளுக்கு ஒரு கலை வந்துவிட்டது. எந்த ஊர்ப் படத்தைப் போட்டாலும் தமிழில் கதை சொல்வாள். துருக்கிப் படம், கொரியாப் படம் எதுவும் அவளுக்குத் தடை இல்லை. அறையில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன டிவி ஒன்று இருந்தது. அதன் குறுக்கே ஒரு பச்சைக் கோடு ஓடும். எல்லாக் கதாநாயகிகளுக்கும் அந்தக் கோடு சரியாக மூக்கின்மேல் விழும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. மதியம் சாப்பிட்டுவிட்டு ஆறு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தால், நாகஜோதி ஆண் குரல், பெண் குரல், கிழவன் குரல், சமயத்தில் குதிரைக் குரல் எல்லாம் கொடுப்பாள்.

அந்த அறையில் ஒரு சட்டமும் உண்டு. அன்றைக்குச் சமையல் முறை யாருக்கோ, அவள்தான் கதாநாயகி. சமைக்கிறவள் பாதிப் படத்தைப் பார்க்காமல் அடுப்படியில் நின்று முணுமுணுத்ததால் இந்தச் சட்டம் வந்தது. கதாநாயகிக்கு அவள் பெயரை வைத்துவிட்டால் முணுமுணுப்பு நின்றுவிடும். குழம்பும் கொஞ்சம் நன்றாக இருக்கும். மற்றப் பாத்திரங்களுக்கு நாகஜோதி இஷ்டம்போலப் பெயர் வைப்பாள். வில்லன்களின் பெயர்கள் பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வரும்.

புரட்டாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, பதினாலாம் நம்பர் பஸ் டிரைவர் கௌஸ் முகம்மது பாய் ஒரு பென்டிரைவ் கொடுத்தார். பாய்க்குப் பழைய சண்டைப் படம் என்றால் உயிர். "ஜப்பான் படம்கா. ஐம்பது வருசத்துக்கு முந்தி எடுத்தது. பொம்பளதான் ஹீரோ. பழிவாங்குற கதை. சப்டைட்டில் கிடையாது, உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார்.

மறுநாள் படம் அறையைப் புரட்டிப் போட்டுவிட்டது. ஒரு படகோட்டியின் மகள். அவள் அப்பாவை ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து கொன்றுவிடுகிறார்கள். அவள் வளர்ந்து, கொண்டையில் செருகிய நீண்ட ஊசியால் ஒவ்வொருவராகத் தீர்க்கிறாள். அன்றைக்கு ரசம் வைத்தவள் வடிவு. மன்னார்குடிக்காரி, சத்தமாகத்தான் பேசுவாள். ஆகவே கதாநாயகி வடிவு. வில்லன்களில் ஒருத்தி சத்திரம் நடத்துகிற பெண். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. யார் என்ன கேட்டாலும் கையை உதறி ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். அவளைக் கண்டதும் ஆறு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்: "ரஹீமாக்கா!"

ரஹீமா பீவி அவர்களுடைய சூப்பர்வைசர். அதிராம்பட்டினத்துக்காரி. பஸ் யார்டில் அவள் வருவதற்கு முன்னால் அவளுடைய சாவிக்கொத்து வந்துவிடும், சத்தமாக. லீவு, டூட்டி மாற்றம், காலுக்குப் பொருந்தாத ஷூ எது பற்றிக் கேட்டாலும் கடைசியில் "கலாஸ்" என்பாள். முடிந்தது என்று அர்த்தம். அவள் சொன்னால் உண்மையிலேயே முடிந்துவிடும்.

படத்தின் நடுவில் சத்திரக்காரி ஓடுகிறாள், கொண்டை ஊசி துரத்துகிறது, துணிக்குச் சாயம் போடுகிற பெரிய தொட்டிக்குள் அவள் தலைகுப்புற விழுகிறாள். முழுக்க நீலமாக எழுந்து, ஒரு கையை உதறி, மறுபடி முங்கிச் செத்துப் போகிறாள். அந்த உதறலுக்கு நாகஜோதி "கலாஸ்" என்று குரல் கொடுத்தாள். வடிவு சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தாள்.

இதில் ஒரு தொல்லை வந்தது. ரஹீமாக்காவிடம் ஒரு நீலச் சுடிதார் உண்டு. அடுத்த திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு யார்டுக்கு வந்தாள். வரிசையாக நின்ற ஆறு நானிகளும் தரையைப் பார்த்தார்கள். வடிவின் தோள் குலுங்கியது.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லக்கா, சுடிதார் நல்லாருக்கு" என்றாள் பானுமதி. தர்மபுரிக்காரி, பொய்யைக்கூட நிதானமாகச் சொல்வாள்.

"நல்லாருந்தா எதுக்குடி அழுகுறா அவ?"

வடிவின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

நாகஜோதிக்கு மட்டும் அன்று சிரிப்பு வரவில்லை. அவள் ரஹீமாக்காவிடம் ஒன்று கேட்டிருந்தாள். ஊரில் அவள் மகள் ராதிகா மாசமாக இருந்தாள். கார்த்திகை பிறந்ததும் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். "தாய்வீட்ல தாயே இல்லன்னா அது என்ன தாய்வீடு?" என்று சம்பந்தியம்மாள் போனில் கேட்டுவிட்டாள். கணவர் பொன்னுச்சாமி ஆடு மேய்ப்பதில் கெட்டிக்காரர்தான். ஆனால், "நர்சு வெளிய வந்து எங்கிட்ட ஏதாவது கேட்டா நான் என்னத்தச் சொல்ல? நீ வந்துரு" என்று தினமும் போன் செய்தார். பள்ளிக்கூடம் நடக்கிற சமயத்தில் நானிக்கு லீவு கிடைப்பது அரிது. அவள் பஸ்ஸில் ஏற மாற்று ஆள் வேண்டும். ஆள் அனுப்ப வேண்டியவர் ஆபீஸில் இருக்கிற விமல் சார். அவர் யாரையும் எதற்கும் அனுப்பியதில்லை.

ரஹீமாக்கா "பாக்கலாம்" என்று சொல்லியிருந்தாள். "கலாஸ்" என்று சொல்லவில்லை. அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் நாகஜோதியின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் கௌஸ் பாய் இன்னொரு பென்டிரைவ் கொண்டுவந்தார். "ரெண்டாம் பாகம்கா! எங்கெங்கயோ தேடிப் புடிச்சேன்."

இதை அவர் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். யார்டின் நடுவில் நின்று சொன்னார்.

"என்ன ரெண்டாம் பாகம்?" என்று பின்னால் சாவிக்கொத்து கேட்டது.

"ஜப்பான் படம் மேடம். ஜோதியக்கா கதை சொன்னா அப்படியே தமிழ்ப் படம் மாதிரி இருக்குமாம். இவங்க ரூமே அதப் பத்தித்தான் பேசுது."

"அப்படியா?" என்றாள் ரஹீமாக்கா. "வெள்ளிக்கிழம நானும் வர்றேன்."

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் அறை ஆலோசனையில் கிடந்தது. டிவி ரிப்பேர் என்று சொல்லலாமா? "சரி பண்ண ஆளையும் கூட்டிட்டு வந்துருவாங்க" என்றாள் பானுமதி. வேறு படம் போடலாமா? படம் எப்படி என்று கௌஸ் பாய் கேட்பார். கடைசியில் நாகஜோதி எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள்: "சத்திரக்காரி மொதப் பாகத்துலயே செத்துட்டா. ரெண்டாம் பாகத்துல வரமாட்டா. அதனால பயமில்ல. யாரும் பழைய பேச்ச எடுக்கக் கூடாது. வடிவு, உன்னத்தான் சொல்றேன்."

"நான் என்னாத்துக்கு எடுக்கப்போறேன்?"

"வாயத் திறக்காதட்டி. எனக்கு லீவு வேணும்."

ரஹீமாக்கா மதியம் லுஹர் தொழுகையை முடித்துவிட்டு வந்தாள். கையில் பெரிய பாத்திரம். மூடியைத் திறந்ததும் வாசனை மாடிப்படி வரைக்கும் போனது. "வெறுங்கையோட வந்தா நல்லாருக்காதுல்ல? விடியக்காலைல எந்திரிச்சு ஆக்குனேன். கோழி பிரியாணி" என்றாள். அன்று சமையல் முறை பானுமதிக்கு. அவள் வெட்டி வைத்திருந்த வெண்டைக்காயைச் சத்தமில்லாமல் ஃபிரிட்ஜில் வைத்தாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு எதிராக ஏதாவது நினைப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

படம் தொடங்கியது. நாகஜோதி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

ஆனால் பழைய காலத்துப் படக்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. இரண்டாம் பாகம் பார்க்க வருகிறவர்கள் முதல் பாகத்தை மறந்திருப்பார்களே என்று, முதல் பாகத்தின் முக்கியமான காட்சிகளைத் தொடக்கத்தில் ஓட்டிவிடுவார்கள். படகு வந்தது. அப்பா செத்தார். கொண்டை ஊசி மின்னியது. நாகஜோதி ரிமோட்டைத் தேடுவதற்குள் சாவிக்கொத்து ஒன்று திரை முழுக்க ஆடிக்கொண்டு வந்தது. சத்திரக்காரி ஓடினாள். தொட்டி. நீலம்.

"செத்தாடா ரஹீமாக்கா!" என்று கத்திக் கைதட்டினாள் வடிவு. பழக்கம்.

தட்டிய கை அப்படியே நின்றது. படத்தில் யாரோ ஜப்பான் மொழியில் அழுதுகொண்டிருந்தார்கள். அதைத் தமிழில் சொல்ல ஆளில்லை.

"யாரு செத்தா?" என்றாள் ரஹீமாக்கா.

வடிவு நாகஜோதியைப் பார்த்தாள்.

"நாகு, உன்னத்தான் கேக்குறேன். நானா அது?"

"அது... அக்கா... அந்தம்மாவும் சாவி வச்சிருந்தாங்க..." என்றாள் நாகஜோதி. ராதிகாவின் வயிறும் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டுக்குட்டிபோல முழிக்கும் பொன்னுச்சாமியும் கண்ணில் வந்துபோனார்கள்.

"பின்னாடி ஓட்டு."

"என்னக்கா?"

"நான் செத்தத நான் பாக்க வேணாமா? ஓட்டு பின்னாடி."

ஓட்டினார்கள். ரஹீமாக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் சாவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். கையை உதறுகிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"இந்த எடத்துல என்ன சொன்ன நீ?"

நாகஜோதி சுவரைப் பார்த்துக்கொண்டு மெல்ல, "கலாஸ்" என்றாள்.

ரஹீமாக்கா நிறுத்திவைத்த படத்தையே பார்த்தாள். பச்சைக் கோடு நீலச் சத்திரக்காரியின் மூக்கில் ஓடியது.

"இவ்வளவு லேசாவா செத்தேன்?" என்றாள். "ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கல. அந்தச் சாவிக்கொத்து எவ்வளவு கனம் தெரியுமா? அத வீசுனா ஒரு ஆளு விழுவான். என்ன கதைடி சொல்றீங்க நீங்க?"

கோபமா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் விளங்கவில்லை. "அந்த நீலச் சுடிதாரு" என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு வடிவைத் திரும்பிப் பார்த்த பார்வையில், வடிவு தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, ரெண்டாம் பாகத்துல நான் எங்க?"

"நீங்கதான் செத்துட்டீங்களேக்கா" என்றாள் வடிவு.

"வாய மூடுட்டி!" என்றாள் நாகஜோதி.

அப்போதுதான் பானுமதி, வெண்டைக்காயை ஃபிரிட்ஜில் வைத்த அதே நிதானத்தோடு, "நம்ம ரூம் சட்டப்படி இன்னைக்குச் சமைச்சது யாரு?" என்று கேட்டாள்.

எல்லோரும் பிரியாணிப் பாத்திரத்தைப் பார்த்தார்கள். நாகஜோதிக்கு மூச்சு வந்தது. சட்டத்தை விளக்கினாள். சமைத்தவள்தான் கதாநாயகி. அதில் ஆள் பார்ப்பதில்லை, சூப்பர்வைசர் என்றும் பார்ப்பதில்லை. ரஹீமாக்கா அதைக் கவனமாகக் கேட்டாள்.

"அப்போ அந்தக் கொண்டை ஊசிக்காரி நானா?"

"நீங்கதாங்க்கா."

"என்னக் கொன்னவளும் அவதானே?"

"அது போன பாகம். அப்போ அவ நானு. அன்னைக்கு ரசம் வச்சது நான்தானே" என்றாள் வடிவு.

"சரி, போடு" என்றாள் ரஹீமாக்கா.

நாகஜோதி அன்றைக்குச் சொன்னதுபோல அதற்கு முன்னால் எந்தப் படத்துக்கும் கதை சொன்னதில்லை. கொண்டை ஊசிக்காரியைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ரஹீமாக்கா, "எப்படி? என்னையா?" என்று எழுந்தே விட்டாள். சிறையில் மீசை வைத்த ஒரு அதிகாரி வந்தார். மேசையில் உட்கார்ந்து கட்டுக் கட்டாகத் தாள்களில் முத்திரை குத்திக்கொண்டே இருந்தார். ஆட்கள் வாசலில் அழுதுகொண்டு நின்றார்கள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. நாகஜோதி அவருக்குப் பெயர் வைக்க வாயெடுத்தாள். அவளுக்கு முன்னால் ரஹீமாக்காவே வைத்துவிட்டாள்.

"இவன்தான் விமலு."

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன பாக்குறீங்க? ஆளு குடு, ஆளு குடுன்னு நான் அவன்கிட்ட எத்தன தடவ நிக்கிறேன்? நிமிந்து பாக்க மாட்டான். முத்திர குத்திக்கிட்டே மாஃபி, மாஃபிங்குவான். இல்லைங்கிறதுக்கு அரபில சொன்னா மரியாதயாம். உங்ககிட்ட வந்து கலாஸ்னு சொல்றது நானு. சாவுறதும் நானு. சொல்லு நாகு, நிறுத்தாத."

படத்தின் கடைசிப் பகுதியில் கொண்டை ஊசிக்காரி அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அடிக்கவில்லை, கத்தவில்லை. கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். முடி முழுக்க அவிழ்ந்து விழுந்தது. ஊசியை அந்த அதிகாரியின் தாள்களின்மேல் மெதுவாக வைத்தாள். அவர் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு, முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். வியர்த்தது.

"இது நல்லாருக்கு" என்றாள் ரஹீமாக்கா மெல்ல. அதற்குப் பிறகு வந்த சண்டையில் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டதுபோல ரத்தம் பாய்ந்ததை அவள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

எல்லோரும் செத்து முடிந்தது. கொண்டை ஊசிக்காரி தனியாகப் பனியில் நடந்துபோனாள். வெகுதூரம் போனாள். ஒரே வெள்ளை, நடுவில் அவள், மூக்கில் பச்சைக் கோடு. வசனமே இல்லை. சொல்ல ஒன்றும் இல்லாததால் நாகஜோதியும் பேசாமல் இருந்தாள்.

"நான் எங்க போறேன்?" என்று கேட்டாள் ரஹீமாக்கா.

"ஊருக்குப் போறீங்க" என்றாள் நாகஜோதி, திரையைப் பார்த்துக்கொண்டே. "மகளுக்குப் பிரசவம். தலைப்பிரசவம். தாயி போகணும்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாயிலிருந்து அதுவாக விழுந்துவிட்டது.

ரஹீமாக்கா திரும்பினாள். "லீவு குடுத்தாங்களா?"

"குடுக்காதவனத்தான் கொன்னுட்டீங்களேக்கா, இப்போ."

"அப்போ போறது நானா, நீயா?"

"நடக்குறது நீங்கதாங்க்கா" என்றாள் நாகஜோதி. "பிரசவம் மட்டும் என் மகளுக்கு."

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. பானுமதி அவள் காலில் மிதித்தாள். ரஹீமாக்கா எழுந்து, பாத்திரத்தைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். 'பாக்கலாம்' என்றும் சொல்லவில்லை, 'கலாஸ்' என்றும் சொல்லவில்லை. சாவிச் சத்தம் மூன்று மாடியும் இறங்கிப் போவது கேட்டது. "என் வாயால கெட்டேன்" என்று நாகஜோதி தலையில் கை வைத்துக்கொண்டாள். யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல் வடிவை இரண்டு நாள் திட்டினாள்.

திங்கட்கிழமை ரஹீமாக்கா யார்டுக்குத் தாமதமாக வந்தாள். நீலச் சுடிதார்! வேண்டுமென்றே போட்டிருந்தாள். வரிசையின் முன்னால் ஒரு தடவை நடந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் சாவிச் சத்தம் இல்லை. இடுப்பு வெறுமையாக இருந்தது.

"சாவி எங்கக்கா?" என்று கேட்டாள் நாகஜோதி.

"விமல் மேசையில."

காலையில் ஆபீஸுக்குப் போயிருக்கிறாள். வழக்கம்போல அவர் நிமிராமல் மாஃபி என்றிருக்கிறார். இவள் சாவிக்கொத்தை அவிழ்த்து அவருடைய தாள்களின்மேல் மெதுவாக வைத்திருக்கிறாள். "பதினாலாம் நம்பர் பஸ்ல நான் ஏறிக்கிறேன் சார். யார்டை நீங்க பாத்துக்கங்க. அதிகாலை நாலரைக்கு கேட் திறக்கணும்" என்று சொல்லியிருக்கிறாள்.

"நிமிந்தாரா?" என்றாள் வடிவு ஆவலாக.

"நிமிந்தான். வேர்த்துச்சு."

விமல் சார் ஆபீஸிலிருந்து ஒரு பையனை யார்டுக்கு அனுப்ப ஒத்துக்கொண்டார். ஆனால் பெண் நானி இல்லை. பஸ்ஸில் ரஹீமாக்காதான் ஏற வேண்டும். லீவுத் தாளை நாகஜோதியின் கையில் கொடுத்துவிட்டு, "இருபது நாளு. அதுக்கு மேல ஒரு நாளு ஆச்சு, உன்னையும் தொட்டில போடுவேன். கலாஸ்" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு அந்த யார்டில் ஒருத்தி அழுதது அதுதான் முதல் தடவை.

கார்த்திகையில் ஒருநாள் காலை. விளாத்திகுளம் ஆஸ்பத்திரிப் பிரசவ அறைக்கு வெளியே நாகஜோதி நின்றிருந்தாள். பொன்னுச்சாமி நர்சைக் கண்டு தூண் மறைவில் நின்றிருந்தார். போன் அடித்தது. பஸ் இரைச்சலுக்கு நடுவில் ரஹீமாக்கா.

"நாகு, இந்தத் தன்யாப் புள்ள வாந்தி எடுக்கப்போறத நீ எப்படிடி முன்னாடியே கண்டுபிடிப்ப? ஒரு வாரமா ஏமாத்துறா."

"அவ பேச்ச நிறுத்துவாக்கா. நிறுத்துனதும் பைய நீட்டிருங்க."

"அவ எங்க நிறுத்துறா? ஏறுனதுலருந்து... நாகு, நிறுத்திட்டா."

"பை! பை எடுங்கக்கா!"

போன் கட்டாகிவிட்டது. அரை மணி கழித்து உள்ளே ராதிகாவின் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், கம்மலாக, கோபமாக, புதிதாக ஒரு சின்னச் சத்தம். நர்சு வெளியே வந்து, "பொம்பளப் புள்ள. பாட்டி யாரு?" என்றாள். பொன்னுச்சாமி தூணுக்குப் பின்னாலிருந்து நாகஜோதியைக் காட்டினார்.

அவள் உள்ளே போகத் திரும்பும்போது போனில் யார்டிலிருந்து வடிவின் குரல் செய்தி வந்து விழுந்தது. பின்னால் பானுமதியும் கௌஸ் பாயும் சிரிப்பது கேட்டது.

"அக்கா, இன்னைக்கு அந்த நீலச் சுடிதாரத்தான் போட்டுட்டு வந்தாங்க. தன்யா வாந்தில மறுபடியும் விழுந்துட்டாங்க!"